நீ எந்த நாடு?

கரும்பலகையில் தேதியை எழுதிவிட்டுத் திரும்பினால் வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். ஒரு கையில் தகரப் பெட்டி. இன்னொரு கையில் தலைமையாசிரியர் கொடுத்தனுப்பிய சீட்டு, தூறலில் நனைந்து ஓரம் சுருண்டிருந்தது. பெட்டியின் மேல் யாரோ பெயிண்டால் ஒரு பெயரை எழுதி, அதை அடித்து, வேறு பெயர் எழுதியிருந்தார்கள். இரண்டும் அவள் பெயர் இல்லை என்று பிறகு தெரிந்தது.

பாதி வருடத்தில் புதுப் பிள்ளை வருவது எங்கள் மலைப்பள்ளியில் அபூர்வம். பாதியில் போகிற பிள்ளைகள்தான் எனக்குப் பழக்கம். பேரைக் கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள் மூன்றாவது பெஞ்சிலிருந்து பவித்ரா முந்திக்கொண்டாள். பவித்ராவின் அப்பா நெல்லிவாசல்நாட்டில் ஊர்க்கவுண்டர். ஊர்ப் பஞ்சாயத்தில் முதல் வார்த்தை அவருடையது. மகள் அந்த உரிமையை ஒன்பதாம் வகுப்புக்கும் கொண்டுவந்திருந்தாள்.

"நீ எந்த நாடு?"

வந்தவள் கொஞ்சம் யோசித்தாள். பள்ளிக்கூடத்தில் கேட்கிற கேள்விக்குச் சரியான விடை சொல்ல வேண்டுமே என்ற அக்கறை முகத்தில் தெரிந்தது. பெட்டியைக் கீழே வைத்தாள். நிமிர்ந்து நின்று சொன்னாள்.

"இந்தியா."

முப்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஏழுமலை பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன். அதை இப்போது மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஜவ்வாது மலைக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்கு இது புரியாது. இங்கே நாடு என்றால் தேசம் இல்லை. பத்துப் பதினைந்து ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. நெல்லிவாசல்நாடு, புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மலை முழுக்க நாடுகள். ஒருவரைப் பார்த்தால் பேரைக் கேட்பதற்கு முன் நாட்டைக் கேட்பார்கள். திருவிழாவில் பந்திக்கு அழைப்பதும் நாட்டின் பேரைச் சொல்லித்தான். பேர் சொன்னதும் அந்த நாட்டுக்காரர்கள் எழுந்து போய் உட்காருவார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் கோகிலா என்ற அவள் பெயர் மறைந்துவிட்டது. எங்கள் பள்ளி விடுதி முழுக்க அவளுக்கு ஒரே பேர், 'இந்தியா'.

செங்கம் ஒரு நாடா?

எனக்கும் இதே அடி ஒருமுறை விழுந்திருக்கிறது. இந்த மலைக்கு மாற்றலாகி வந்த முதல் நாள், ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் பலாப்பழம். ஒவ்வொரு வளைவிலும் பழம் என் பக்கம் சாய, நான் அதைத் திருப்பித் தள்ள, இப்படியே பாதி மலை ஏறினோம்.

"எந்த நாடும்மா நீ?" என்றார்.

"செங்கம்" என்றேன்.

"அது டவுனாச்சே. நாடு இன்னா?"

எம்.ஏ., பி.எட். படித்த நான் பலாப்பழத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா என்னை ஒருமுறை பரிதாபமாகப் பார்த்தார். பிறகு, நாடில்லாத பெண்ணுக்கு இதையாவது செய்வோம் என்று நினைத்தாரோ என்னவோ, பழத்தைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

வருடங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் எனக்கு நாடு கிடையாது. 'தமிழ் டீச்சர்' என்ற பட்டத்தை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன்.

பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் அப்பா வீட்டு ரேஷன் அட்டையில் என் பெயரை அடித்தார்கள். மாமனார் வீட்டு அட்டையில் ஏறுவதற்கு நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதம் நான் எந்த வீட்டு ஆளும் இல்லை. பெரிய துக்கமாகவெல்லாம் அப்போது தோன்றவில்லை. ஆனால் யாராவது "எந்த வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு நொடி கூடுதலாக ஆகும். கோகிலா வாசலில் நின்று யோசித்த நேரமும் அவ்வளவுதான் இருக்கும். அதைப் பார்த்து நான் சிரித்திருக்கக்கூடாது.

நாலு சந்தை

கோகிலாவின் அம்மா செல்வி மறுநாள் என்னைப் பார்க்க வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மலையில் பிறந்த பெண்ணின் நடை, ஆனால் கையில் பெங்களூர்க் கடை ஒன்றின் பேர் போட்ட துணிப்பை.

அவள் பிறந்தது நெல்லிவாசல்நாடு. சின்ன வயதில் கட்டட வேலைக்கு பெங்களூர் போனவள், அங்கேயே உடன் வேலை செய்த, மலைக்குக் கீழே சமவெளியைச் சேர்ந்த கீழ்நாட்டுக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். கோகிலா பிறந்தது, வளர்ந்தது எல்லாம் கட்டிக்கொண்டிருக்கும் கட்டடங்களின் தரைத்தளத்தில். ஒரு கட்டடம் முடிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்தது. போன வருடம் கணவர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். மகளை அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அண்ணன் ஒண்ணும் சொல்லல டீச்சர். இருந்துக்கோன்னுதான் சொல்றாரு. ஊருதான் இன்னும் பாத்துட்டே இருக்குது" என்றாள். "முன்னாடியெல்லாம் கட்டிக்குடுத்து வெளிய போன பொண்ணு திரும்பி வந்தா, ஊருப் புள்ளைங்க எல்லாம் அத்தேன்னு ஓடிவரும். நானும் சின்னதுல அப்படி ஓடினவதான். இப்ப என்னய இன்னான்னு கூப்புடுதுங்க தெரியுமா? பெங்களூராம்மா. அது ஒரு பேரா?"

மலையில் பெண்ணுக்குக் கணவன் நாடுதான் நாடு. பிள்ளைக்கு அப்பன் நாடு. கோகிலாவுக்கு அப்பாவும் இல்லை, அவர் நாடும் மலையில் இல்லை. பிள்ளைகளின் கணக்கு அவ்வளவு எளிது.

"நாலு சந்த பாக்கறேன் டீச்சர்" என்றாள் செல்வி. இங்கே வாரத்தைச் சந்தையால் எண்ணுவார்கள். "புள்ள ஒட்டிக்கிச்சுன்னா இங்கயே விட்டுடறேன். இல்லன்னா பெங்களூருக்கே இட்டுனு போய்டறேன். அங்க யாரும் எந்த நாடுன்னு கேக்க மாட்டாங்க."

அங்கே யாரும் எந்த வகுப்பு என்றும் கேட்க மாட்டார்கள். அதை அவளிடம் நான் சொல்லவில்லை, அவளுக்கே தெரியும். பதினான்கு வயதுப் பெண் கட்டடத்துக்குப் போனால் முதல் வாரம் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள், இரண்டாவது வாரம் செங்கல் சுமப்பாள். அப்படிப் போன என் பிள்ளைகளில் ஒருத்தியும் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்ததில்லை.

பிளேடால் அறுத்த நாவல்

அந்தச் சமயம் எங்கள் நூலகத்துக்கு ஓர் இளையோர் நாவல் வந்து சேர்ந்தது. படித்துப் பார்த்ததும் இதை வகுப்பில் பாடமாகவே வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். பிரதி ஒன்றே ஒன்று. பிள்ளைகள் முப்பத்தொன்று.

நான் சாதாரணமாகப் புத்தகத்தில் மடிப்பு விழுந்தாலே திட்டுகிறவள். அன்று ஒரு புதுப் பிளேடு வாங்கி, நாவலை முதுகோடு பதினோரு துண்டாக அறுத்தேன். ஒவ்வோர் அத்தியாயத்தையும் கோணி ஊசியால் தனித்தனியாகத் தைத்தேன். நூலகப் பொறுப்பாளர் பார்த்துவிட்டு ஒரு வாரம் என்னுடன் பேசவில்லை.

ஏற்பாடு இதுதான். பெஞ்சுக்கு ஓர் அத்தியாயம். அந்த பெஞ்சு மூன்று நாள் அதைப் படித்துத் தீர்த்துவிட வேண்டும். பிறகு வரிசையாக ஒவ்வொரு பெஞ்சும் எழுந்து தன் பகுதியை மற்றவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

மூவர் மூவராகப் பத்து பெஞ்சில் முப்பது பேர். பதினோராவது பெஞ்சு தண்ணீர்ப் பானை பக்கம், கடைசியில். அதில் கோகிலா மட்டும் உட்கார்ந்திருந்தாள். எந்த பெஞ்சும் அவளுக்காக நகரவில்லை. அவளும் கேட்கவில்லை. கடைசி அத்தியாயம் ஏழு பக்கம்தான். அதை அவளிடம் கொடுத்தேன். பெரிய யோசனையெல்லாம் செய்து கொடுக்கவில்லை, அது அப்படி அமைந்துவிட்டது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துளசி என்று ஒரு பெண். போரில் வீட்டையும் பெற்றோரையும் விட்டு, படகில் கடல் தாண்டி, நம் கரையில் ஓர் அகதி முகாமுக்கு வருகிறாள். மாமா குடும்பத்தோடு வளர்கிறாள். மாமா நல்லவர். மாமி சாப்பாட்டுத் தட்டு எடுத்து வைக்கும்போது எப்போதும் ஒன்று குறைவாக எடுப்பார். துளசி எழுந்து போய்த் தன் தட்டைத் தானே எடுத்துக்கொள்வாள். பள்ளியில், ஆஸ்பத்திரியில், கடைத்தெருவில், போகிற இடமெல்லாம் அவளிடம் ஒரே கேள்விதான். நீ எந்த நாடு?

அந்த வரி முதன்முதலில் வந்தபோது வகுப்பில் ஒரு சலசலப்பு எழுந்தது. இந்தக் கேள்வி புத்தகத்திலும் இருக்கிறதா என்று பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டீச்சர், கடலுக்கு அந்தாண்டயும் நாடு கீதா?" என்று ஏழுமலை கேட்டான்.

"நிறைய இருக்குப்பா" என்றேன். ஏதோ பூகோளச் சந்தேகம் கேட்கிறான் என்றுதான் நினைத்தேன். அவன் கேட்டது வேறு என்று எனக்கு உறைக்கப் பத்து நாள் ஆனது.

கடலை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. கோமுட்டேரி மாதிரி எத்தனை ஏரி சேர்ந்தால் கடல் என்று ஒருநாள் முழுக்க விவாதம் நடந்தது. ஆனால் மாமியின் தட்டு விஷயத்தில் அவர்களுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நான் அந்த மாமியை வில்லி என்று முடிவு கட்டி, குறிப்பேட்டில் 'கொடுமைக்கார மாமி: குணச்சித்திரம்' என்றுகூட எழுதி வைத்திருந்தேன். அந்த அத்தியாயத்தைப் படித்த பெஞ்சிலிருந்து சந்தியா எழுந்தாள். நாளெல்லாம் சேர்த்து நாலு வார்த்தை பேசுகிற பிள்ளை.

"அந்த மாமி கெட்டவங்க இல்ல டீச்சர். அவங்க கைக்குப் பழகல, அவ்ளோதான். எங்க தம்பி பொறந்து சோறு துன்ன ஆரம்பிச்சப்ப எங்கம்மாவும் ஒரு மாசம் தட்டக் கம்மியாத்தான் எடுத்துச்சு. அதுக்காவ தம்பி மேல ஆசையில்லன்னு அர்த்தமா?"

நான் குறிப்பேட்டை மூடி வைத்தேன். அவள் சொன்னபிறகு அந்த அத்தியாயத்தைத் திரும்பப் படித்தேன். கடைசிப் பத்தியில் மாமி துளசியின் பாவாடை ஓரத்தைத் தைத்துக்கொண்டிருக்கிறார். அந்த வரியை நான் முதலில் தாண்டிப் போயிருக்கிறேன்.

முடிவு யாரிடம்?

ஒன்பது பத்து அத்தியாயம் முடிந்தபோது வகுப்பில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. துளசிக்கு என்ன ஆகும் என்பது ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். விடுதியில், குழாயடியில், கோகிலாவைச் சுற்றி ஆள் சேர ஆரம்பித்தது.

"ஏ இந்தியா, அவங்கம்மா உயிரோட கீறாங்களா, அத மட்டும் சொல்லு" என்று பவித்ரா மிரட்டிப் பார்த்தாளாம். கெஞ்சியும் பார்த்தாளாம்.

"என் முறை வந்தா படிப்பேன்" என்றாளாம் கோகிலா. அந்த ஏழு பக்கத்தையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டே தூங்கினாள் என்று விடுதிக் காப்பாளர் சொன்னார்.

இதற்குள் மூன்று சந்தை முடிந்திருந்தது. முடிவைத் தெரிந்துகொள்ள அவளைச் சுற்றி வந்த கூட்டம், சாப்பாட்டு மணி அடித்ததும் கலைந்து அவரவர் நாட்டு வரிசைக்குப் போய்விடும். விடுதியில் அப்படி உட்கார வேண்டும் என்று யாரும் விதி போடவில்லை. திருவிழாப் பந்திப் பழக்கம் கூடவே வந்துவிட்டது. கோகிலா கைகழுவும் குழாய் பக்கம், சுவரோரம் தனியாக உட்காருவாள். எழுந்து போய் வேறிடத்தில் உட்கார் என்று நான் இரண்டு முறை சொன்னேன். "பரவால்ல டீச்சர்" என்றாள். ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளை பக்கத்தில் உட்காரவைக்க டீச்சரால் முடியும். ஒட்டவைக்க முடியாது.

அவள் முறை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. கோகிலா எழுந்து நின்று படித்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை என்று நினைத்திருந்தேன். ஏழு பக்கத்தையும் பல தடவை படித்து மனப்பாடமே செய்திருக்கிறாள். தாளைப் பார்க்காமலே சில வரிகள் வந்தன.

கடைசிக் காட்சியில் துளசி ஓர் ஓவியப் போட்டிக்கு விண்ணப்பம் நிரப்புகிறாள். பெயர் எழுதுகிறாள். வயது எழுதுகிறாள். அடுத்த கட்டம், நாடு. பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். வெளியே மாமி சாப்பிடக் கூப்பிடுகிறார். கட்டம் காலியாக இருக்கிறது. அதோடு நாவல் முடிந்துவிடுகிறது.

பிள்ளைகள் அடுத்த வரிக்காகக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"அப்புறம்?" என்றான் ஏழுமலை.

"அவ்ளோதான்" என்றாள் கோகிலா.

"பொய் சொல்ற. மீதிப் பக்கத்த எங்க வெச்சிருக்க?"

அவள் சட்டைக்குள் கைவிட்டு, பின்னட்டையை எடுத்துக் காட்டினாள். பிள்ளைகளுக்குக் கோபம் கோபமாக வந்தது. எழுதினவங்களுக்கு மனசே இல்லையா டீச்சர், ஒரு பொண்ண இப்படியா பாதியில உட்டுட்டுப் போவாங்க என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஏதோ நானே எழுதியதுபோல.

தப்பிக்க வழி தெரியாமல் ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். 'அந்தக் கட்டத்தில் துளசி என்ன எழுத வேண்டும்? ஒரு பக்கத்தில் விடை தருக.' வழக்கமான பரீட்சைக் கேள்விதான்.

சிவப்பு மை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே பனிமூட்டம் இறங்கிக் குடியிருப்பின் வேலி கூடத் தெரியவில்லை. அடுப்பில் சாமைக் கஞ்சி கொதிக்க, விடைத்தாள் கட்டைப் பிரித்தேன். எங்கள் பிள்ளைகள் பேசுகிறபடியேதான் எழுதுவார்கள். அதற்கு நான் மதிப்பெண் குறைப்பதில்லை.

முதல் தாள் ஏழுமலையுடையது.

'துளசி புங்கம்பட்டுநாடுன்னு எழுதட்டும். எங்க சித்தப்பா வூடு பூட்டியே கிடக்குது. அவங்க கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய்ட்டாங்க. கூரை மட்டும் மாத்தணும். அத எங்கப்பா பாத்துக்குவாரு.'

தலையில் அடித்துக்கொண்டேன். சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, 'தவறு. இந்தக் கதையில் நாடு என்றால் தேசம்' என்று எழுதினேன். இரண்டாவது தாளிலும் அதே தவறு. அதற்கும் கோடு. மூன்றாவது தாள் சந்தியாவுடையது.

'புதூர்நாடுன்னு எழுதலாம். ஆனா எங்க ஊருல ஓடைக்குப் பக்கத்துல வூடு குடுக்கக்கூடாது. படகுல வந்ததுல இருந்து அவளுக்குத் தண்ணி சத்தம் கேட்டா தூக்கம் வராது, ரெண்டாவது அத்தியாயத்துல இருக்குது. மேட்டுத் தெருவுல குடுக்கணும்.'

பேனா நின்றுவிட்டது.

நான்காவது தாள். 'ஆடி மாசம் வரவேணாம். அப்ப ஊருல யாரும் இருக்க மாட்டாங்க, எல்லாம் வேலைக்கு வெளிய போய்டுவாங்க. ஆள் இல்லாத ஊருக்கு வந்தா மறுபடியும் பயந்துடுவா. புளி உலுக்கற மாசம் வந்தா எல்லாரும் இருப்போம்.'

இன்னொரு தாள். 'மாமாவையும் மாமியையும் சேத்து இட்டுனு வரணும். இல்லன்னா மாமி சரியா எண்ணக் கத்துக்கினப்புறம் ஒரு தட்டு அதிகமா ஆய்டும்.'

கடலுக்கு அந்தாண்ட நாடு உண்டா என்று ஏழுமலை அன்று கேட்டதும் இந்த மலை நாட்டைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த நாவலை நான் நான்கு தடவை படித்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் நாவல் என்றால் என்ன என்று இரண்டு வருடம் பாடம் கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட துளசிக்கு எந்தத் தெருவில் வீடு கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை. இவர்களுக்கு அவள் கதாபாத்திரமே இல்லை. பஸ் இறங்கி நிற்கும் ஒரு பெண். அவளுக்கு இடம் வேண்டும், கூரை வேண்டும், தூக்கம் வர வேண்டும். முப்பது பிள்ளைகள் தங்கள் நாட்டை எடுத்து அவள் முன்னால் வைத்திருந்தார்கள். கஞ்சி அடிப்பிடித்த வாசனை வந்தபிறகுதான் எழுந்தேன்.

பவித்ராவின் தாளில் நாலே வரி. 'நெல்லிவாசல்நாடுன்னு எழுது துளசி. பந்திக்குக் கூப்புடும்போது தைரியமா எழுந்து வா. யாரும் உன்ன எந்த நாடுன்னு கேக்க மாட்டாங்க. கேட்டா என் பேரச் சொல்லு.'

இதைப் படித்துவிட்டு எனக்குக் கோபம் வந்தது. காகிதத்தில் இருக்கிற பெண்ணுக்கு நாட்டையே கொடுக்கிற இந்தப் பிள்ளை, குழாயடியில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு ஒரு முழம் தரை கொடுக்கவில்லையே. அப்புறம் அந்தக் கோபம் என் பக்கமே திரும்பியது. முதல் நாள் நானும் சேர்ந்துதானே சிரித்தேன்.

கடைசியில் கோகிலாவின் தாள் இருந்தது. அதைப் படித்துவிட்டு, முதல் இரண்டு தாளில் நான் போட்ட சிவப்புக் கோட்டை பிளேடால் சுரண்டி எடுத்தேன். நாவலை அறுத்த அதே பிளேடு.

நாலாவது சந்தை

நான்காவது சந்தை நாளன்று முற்பகலே செல்வி வந்துவிட்டாள். மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதிய கடிதத்தை என் கையில் கொடுத்தாள். விடுதியிலிருந்து கோகிலாவின் தகரப் பெட்டியையும் எடுத்து வந்து பக்கத்தில் வைத்திருந்தாள்.

"போன வாரமும் தனியாத்தான் துன்னுனு இருந்தா டீச்சர். கண்ணால பாத்தேன். இதுக்கு மேல மனசு கேக்கல. சோறு துன்னுட்டு வரட்டும், நாலு மணி பஸ்ஸுக்குப் போய்டறோம்."

கடிதத்தை வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். விடைத்தாள்களைப் பெயர் சொல்லாமல் ஒவ்வொன்றாகப் படித்தேன். கூரை மாற்றுவதைக் கேட்டு ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். மேட்டுத் தெரு வந்தபோது எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். முப்பது தாள் முடிந்தது. கடைசித் தாளை எடுத்தேன்.

'துளசிக்குக் குடுக்க என்கிட்ட நாடு இல்ல. அதனால கட்டத்துல இன்னா எழுதறதுன்னு எனக்குத் தெரியல. காலியாவே இருக்கட்டும். ஆனா அவ இந்த ஸ்கூலுக்கு வந்தா சோறு துன்றப்போ என் பக்கத்துல உக்காரலாம். அங்க எப்பவும் எடம் இருக்கும்.'

பெயர் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஒருவரும் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்க்கவில்லை. அவர்கள் பார்க்காமல் இருந்த விதத்திலேயே எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கோகிலா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மணி அடித்தது.

சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நானும் செல்வியும் நின்றோம். அவள் காலடியில் பெட்டி. பிள்ளைகள் தட்டில் சோறு வாங்கிக்கொண்டு போனார்கள். கோகிலா எப்போதும்போல் குழாய் பக்கம் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

பவித்ரா சாம்பார் வாங்கினாள். நெல்லிவாசல்நாட்டு வரிசை அவளுக்காக இடம் விட்டு வைத்திருந்தது. அவள் அதைத் தாண்டி நடந்தாள். குழாய் பக்கம் போய் நின்றாள்.

"இங்க எடம் கீதா?"

கோகிலா நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அந்தப் பெண்ணின் உதட்டோரம் ஒரு குறும்பு தெரிந்தது. வந்த நாளிலிருந்து நான் பார்க்காத குறும்பு.

"நீ எந்த நாடு?" என்றாள் கோகிலா.

பவித்ரா தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"இந்தியா."

முதலில் சிரித்தது கோகிலாதான். அப்புறம் கூடமே சிரித்தது. அவள் தட்டை நகர்த்தினாள், பவித்ரா உட்கார்ந்தாள். சந்தியா தட்டோடு எழுந்து வந்தாள். ஏழுமலையும் இன்னும் நாலு பேரும் வந்தார்கள். குழாயடி ஈரத்தில் உட்கார இடமில்லாமல் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளிக்கொண்டார்கள்.

செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி, நாலாக மடித்துப் பைக்குள் போட்டாள். பிறகு காலடியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"இத இப்ப எங்க வெக்கறது டீச்சர்?"

அவள் கேட்டது குழாயடி வரை கேட்டிருக்க வேண்டும். வாய் நிறையச் சோற்றோடு பவித்ரா திரும்பிப் பார்த்தாள்.

"என் பொட்டி பக்கத்துல வெய்ங்க அத்தே."

செல்வி பெட்டியை எடுக்கக் குனிந்தவள் நிமிர வெகு நேரம் ஆனது.